நகல் இருக்கிறது, மீட்க முடியுமா?

புது தில்லி: கணினித் தகவல்களுக்குக் காப்பு நகல் வைத்திருப்பது வேறு, அந்த நகலிலிருந்து பணியைத் தொடர முடியும் என உறுதி செய்துகொள்வது வேறு. இதைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அனுபவம் உணர்த்தியது.

2022 நவம்பர் 23-ம் தேதி நடந்த இணையவழித் தாக்குதலில் அங்கு 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. பாதிப்புக்குள்ளாகாத காப்பு சர்வரிலிருந்து தகவல்கள் மீட்கப்பட்டதாக மக்களவையில் அரசு தெரிவித்தது. நகல் தப்பியது, ஆனாலும் கணினிச் சேவைகள் திரும்ப சுமார் 2 வாரங்கள் ஆயின. அதுவரை நோயாளிகள் பதிவு உள்ளிட்ட பணிகள் கையால் எழுதியே நடைபெற்றன.

தேசிய பங்குச் சந்தை 2021 பிப்ரவரி 24-ம் தேதி சுமார் 4 மணி நேரம் முடங்கியபோதும், மாற்று மையத்துக்கு வர்த்தகம் மாற்றப்படவில்லை. பின்னர் 'செபி' விதிகளைக் கடுமையாக்கியது. 2024 மார்ச் 2-ம் தேதி, சனிக்கிழமை, மாற்று மையத்திலிருந்தே உண்மையான வர்த்தகம் நடத்திச் சோதிக்கப்பட்டது.

வங்கிகளும் முக்கிய கணினி அமைப்புகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும். காப்பு நகல்களை அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. 2024 ஏப்ரல் முதல் இவ்விதிகள் அமலில் உள்ளன.

இத்தகைய கண்காணிப்பு வளையத்துக்கு வெளியே இருப்பவை, பெங்களூரில் பெருகியுள்ள சிறு மென்பொருள் நிறுவனங்களும் இணைய வணிக நிறுவனங்களும்தான். 2023-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும்; பாதுகாப்பில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகள் காப்பு நகலைக் குறிப்பிடுகின்றனவே தவிர, மீட்டுச் சோதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறவில்லை.

சோதனைக்குப் பெரும் செலவு தேவையில்லை. நகலை வேறொரு கணினியில் ஏற்றி, கோப்புகள் திறக்கின்றனவா, கணக்குகள் சரியாக உள்ளனவா, எத்தனை மணி நேரம் ஆகிறது, கடைசி எத்தனை மணி நேரப் பதிவுகள் விடுபடுகின்றன என்று குறித்துக்கொண்டால் போதும். வழக்கமான பொறியாளர் விடுப்பில் உள்ள நாளில் இதைச் செய்வது நல்லது. வலையமைப்புடன் இணைக்கப்படாத நகல் ஒன்றும் அவசியம். இணைப்பிலுள்ள நகலைத் தாக்குதல்காரர்களே பூட்டிவிடக்கூடும்.

விதிகளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் இக்குறை நீங்கும். அதுவரை பொறுப்பு நிறுவனங்களையே சார்ந்தது. அவற்றின் கணினிகளில் இருப்பது வாடிக்கையாளர்களின் தகவல்கள் அல்லவா?