வீடும் வண்டியும்: மூக்கு சொன்ன செய்தி



பெட்ரோல் காரில் பெட்ரோல் வாசனை வருவது இயல்புதானே என்று எண்ணுவோர் நம்மில் பலர். சென்ற கோடை வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் எனக்கு நேர்ந்த பண நஷ்டத்தையும், நேராமல் தப்பிய பெரிய ஆபத்தையும் இம்மாதம் எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் வீடு நாகபுரியில் இருக்கிறது. இவ்வூரின் மே மாத வெயில் சில நாட்களில் 45 டிகிரியையும் தாண்டிவிடும். அந்த வெயிலுக்கு அஞ்சியே, கைமாறி வந்த எங்கள் சிறிய காரை வாசற்படியை ஒட்டித் தகரம் அடைத்த கொட்டகையில் நிறுத்தி வந்தேன். அந்தி வேளையில் அதே வாசற்படியில்தான் என் மனைவி அகல் விளக்கு ஏற்றுவாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், "கொட்டகையில் நெடி அடிக்கிறது; விளக்கேற்றவே பயமாக இருக்கிறது" என்றாள். "பெட்ரோல் வண்டியில் மல்லிகை வாசனையா வரும்?" என்று நான் வேடிக்கையாகப் பதில் சொன்னேன். அந்நாட்களில் பின் ஆசனத்தில் உட்காரும் எங்கள் மகளும் அடிக்கடி தலைவலி என்றாள். இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். காரில் போவது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகரச் சொன்னோம். பெரும்பாலான சிறிய கார்களில் பெட்ரோல் டாங்கி பின் ஆசனத்துக்குக் கீழேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நெடி அதிகரிக்கவே, ஒரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்தவர் ஒரு சோதனையும் செய்யாமல், "பெட்ரோல் பம்பு போய்விட்டது" என்றார். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்துப் புதிய பம்பு போட்டுக்கொண்டு திரும்பினேன். மறுநாள் மாலையில் அதே நெடி. டாஷ்போர்டிலோ எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. விளக்கு எரியாதபோது கோளாறு எங்கிருந்து வரும் என்று என் மனம் மறுபடியும் சமாதானம் சொல்லிக்கொண்டது.

இது நிற்க. பெட்ரோல் ஆவி எவ்வழியாகப் போக வேண்டும் என்பதை அறிந்தால்தான் அது எங்கே வழி தவறுகிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

பெட்ரோல் சூடாக்காமலே ஆவியாகும் திரவம். முற்காலக் கார்களில் அந்த ஆவி டாங்கியிலிருந்து நேரே வெளிக் காற்றில் கலந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் நிலவியபோது, ஹாகன் ஸ்மிட் என்னும் ரசாயன அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தை ஆராய்ந்தார். பெட்ரோல் ஆவி முதலியவை நைட்ரஜன் ஆக்ஸைடுகளுடன் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதே காரணம் என்று காட்டினார். கலிபோர்னியா மாநிலம் 1970-ஆம் ஆண்டுக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971-ஆம் ஆண்டுக் கார்களிலும் இந்த ஆவியைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, காரை மூடிய அறையில் வைத்துச் செய்யும் சோதனையில் வெளிவரும் ஆவி 2 கிராமுக்கு மேற்படக் கூடாது.

அந்த ஏற்பாட்டின் இருதயம் கரிப்பெட்டி. 'கேனிஸ்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். குடிநீர் வடிகட்டியில் போடும் கொட்டாங்கச்சிக் கரியின் இனத்தைச் சேர்ந்த கரி அதில் இருக்கிறது. ஒரு கிராம் கரியின் நுண்துளைகளைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பாகும் என்பார்கள். வண்டி நிற்கும்போது டாங்கியில் எழும் ஆவி ஒரு குழாய் வழியாக வந்து இக்கரியில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடிச் சூடேறியதும் 'பர்ஜ் வால்வு' என்னும் சிறிய கதவு திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சு விசை, கரிப்பெட்டியின் மறு வாயில் வழியாகப் புதுக் காற்றை இழுத்து, கரியில் தங்கிய ஆவியையும் அள்ளிக்கொண்டு போய் எரித்துவிடுகிறது. வீணாக வேண்டிய பெட்ரோலும் இவ்விதம் பயன்படுகிறது.

டாங்கி மூடி, மூடியிலிருந்து இறங்கும் குழாய், டாங்கியின் மேல் முத்திரை வளையம், ரப்பர்க் குழாய்கள், கரிப்பெட்டி, பர்ஜ் வால்வு ஆகிய இவற்றுள் ஓரிடத்தில் ஊசித் துளை விழுந்தாலும் ஆவி வெளியேறும். அமெரிக்காவில் 1996 முதல் கார்கள் இக்கசிவைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதி உண்டு. ஒரு மில்லிமீட்டர்த் துளையையும், பிற்காலக் கார்களில் அரை மில்லிமீட்டர்த் துளையையும் கண்டு விளக்கை எரியவிடும். சிறு கசிவுக்குப் 'பி0442', பெரிய கசிவுக்குப் 'பி0455', மிகச் சிறு கசிவுக்குப் 'பி0456' என்று குறியீடும் காட்டும். நம் நாட்டில் ஓடும் பல கார்களில் இத்தகைய சோதனைக் கருவி கிடையாது. பர்ஜ் வால்வின் மின்கம்பி அறுந்தால் விளக்கு எரியும். ரப்பர்க் குழாயை எலி கடித்தால் எரியாது. என் டாஷ்போர்டு மௌனம் சாதித்த காரணம் இதுவே. ஆகையால் நமக்கு வாய்த்த கருவி மூக்குதான். என் மனைவியின் மூக்கு சரியாகவே வேலை செய்தது. என் காதுதான் பழுது.

பின்னர் ஒரு நண்பர் சொல்லி, வேறொரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் ஸ்பானரைத் தொடுமுன் என்னிடம் கேள்வி கேட்டார். "பாபுஜி, நெடி எப்போது வருகிறது? பெட்ரோல் போட்டவுடனா, வெயிலில் நின்ற பிறகா, ஓடும்போதா? தரையில் ஈரம் கண்டதுண்டா?" என்றார். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இக்கேள்விகளை மனத்தில் வைக்க வேண்டும்.

தரையிலோ குழாயிலோ ஈரம் கண்டால் அது ஆவிக் கசிவன்று, பெட்ரோலே ஒழுகுகிறது. எஞ்சினைக் கிளப்பாமல், மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைக்க வேண்டும். பெட்ரோல் போட்டவுடன் நெடி வந்தால் மூடி, அதன் குழாய் ஆகியவற்றின் மீது முதல் சந்தேகம் விழ வேண்டும். பெட்ரோல் போட்ட பின் எஞ்சின் கிளம்ப மறுத்தால், பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற பிறகு நெடி மிகுந்தால் கரிப்பெட்டியையும் டாங்கியின் மேற்புறக் குழாய்களையும் சோதிக்க வேண்டும். என் வண்டியின் குணம் கடைசியாகச் சொன்னதே.

அப்படியிருந்தும் அவர் செலவில்லாத இடத்திலிருந்தே தொடங்கினார். முதலில் டாங்கி மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். துணியால் துடைத்து, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை திருகினார். அது நன்றாக இருந்தது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சிறு ஓசை வந்தால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறுமுன் பர்ஜ் வால்வில் கரிப்பெட்டிப் பக்கத்துக் குழாயைக் கழற்றி விரலை வைத்தார். உறிஞ்சுதல் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். உறிஞ்சினால் அது கெட்டுவிட்டது என்று பொருள். ஆகவே வால்வும் குற்றமற்றது.

அடுத்து அவர் கொண்டுவந்தது புகை யந்திரம். ஒரு வகை எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் குழாய்களுக்குள் செலுத்தும் கருவி அது. கரிப்பெட்டியின் காற்று வாயிலை அடைத்துவிட்டுப் புகையை விட்டார். புறப்படுமுன் ரயிலின் பிரேக் குழாயில் காற்றை நிரப்பி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பதை நான் நிலையத்தில் கண்டிருக்கிறேன், தத்துவம் ஒன்றே. அங்கே முள்ளைப் பார்க்கிறார்கள். இங்கே புகை வெளிவரும் இடத்தைப் பார்க்கிறார்கள். சில நிமிஷங்களில் பின் ஆசனத்தின் கீழ், டாங்கிக்கு மேலிருந்து வெள்ளை நூல் போலப் புகை எழுந்தது. ஆசனத்தைத் தூக்கி மூடித் தகட்டைத் திறந்து பார்த்தால், கரிப்பெட்டிக்குப் போகும் ரப்பர்க் குழாயில் எலியின் பல் தடம்! தகரக் கொட்டகையின் நிழல் எங்கள் காருக்கு மட்டும் பயன்படவில்லை போலும்.

குழாயின் விலை சில நூறு ரூபாய். வேலை முடிந்தது என்று எழுந்தேன். அவர் விடவில்லை. கரிப்பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது பெட்ரோலில் ஊறிக் கனத்திருந்தது. "பெட்ரோல் போடும்போது துப்பாக்கி தானாக நின்ற பிறகும் போடச் சொல்வீர்களா?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது என் தொழிற் குணம். 1,940 ரூபாயில் நின்றால், "2,000 ஆக்கிவிடப்பா" என்று கேட்பது என் வழக்கம்.

அதன் விளைவைக் கேளுங்கள். பெட்ரோல் துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. டாங்கி நிரம்பி அத்துளையைப் பெட்ரோல் மூடியதும் துப்பாக்கி தானே நின்றுவிடும். அதற்கு மேல் டாங்கியில் காலியாக விடப்படும் இடம் ஆவிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கேயும் பெட்ரோலை அடைத்தால், ஆவி போக வேண்டிய குழாயில் திரவம் ஏறிக் கரிப்பெட்டியை நனைத்துவிடுகிறது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. ஆக, எலி செய்தது பாதி. நான் செய்தது பாதி. 2020-க்குப் பின் வந்த பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் கரிப்பெட்டி உண்டு. ஆதலால் இந்த எச்சரிக்கை ஸ்கூட்டர் வைத்திருப்போருக்கும் உரியதே.

கரிப்பெட்டியையும் மாற்றினேன். அன்று மாலை கொட்டகையில் நெடி இல்லை. மகளின் தலைவலியும் அந்த வாரத்தோடு நின்றது.

தப்பிய ஆபத்து யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படரும். காற்றில் அதன் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வரை இருக்கும்போது ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். அடைத்த கொட்டகையில் அது தேங்கும். நம் வீடுகளிலோ விளக்கு வைப்பது வாசற்படியில், தரை மட்டத்தில். திருக்கார்த்திகையன்று வாசலெங்கும் வரிசையாக வைக்கிறோம். இதை நினைத்தபோது, மல்லிகை வாசனையா வரும் என்று கேட்ட என் வாயை நானே நொந்துகொண்டேன். தீயைத் தவிர உடல்நலக் கேடும் உண்டு. பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்பட்டிருக்கிறது.

ஆகவே, செய்யத் தகாதவை சில. நெடி வரும் இடத்தைத் தேடத் தீக்குச்சி, ஊதுபத்தி எதையும் கொளுத்தாதீர்கள். குழாயில் வாயை வைத்து ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் யந்திரத்தால் இக்குழாய்களைச் சோதிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். டயருக்கு வேண்டிய அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், இச்சோதனைக்கு ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைவே போதும். அதிகமானால் டாங்கியும் முத்திரைகளும் கெடும். எல்லாவற்றிற்கும் மேலாக, கசிவு எங்கே என்று காட்டாமல் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம், "முதலில் சோதித்துக் காட்டுங்கள்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

விடுமுறையில் ஊருக்குக் காரிலேயே புறப்படும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பெருகி வருகின்றன. டாங்கியை நிரப்பிக்கொண்டு, குழந்தைகளைப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு, நாள் முழுதும் வெயிலில் ஓட்டுகிறோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வெயிலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வீட்டில் யாரேனும் நெடி அடிக்கிறது என்றால், அவர்கள் சொல்லைத் தள்ளாதீர்கள். வண்டியை வீட்டை விட்டு விலக்கித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பிறகு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

இப்போது பெட்ரோல் நிலையத்தில் துப்பாக்கி நின்றதும் நானும் நின்றுவிடுகிறேன். சென்ற வாரம் 1,873 ரூபாயில் நின்றது. அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.