தையல் ஆறிய பின்னும்…

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து முகம் சீரானதும், "அல்ஹம்துலில்லாஹ், கவலை தீர்ந்தது" என்று குடும்பம் நிம்மதி கொள்கிறது. அதே குழந்தை இரண்டாம் வகுப்பில் பாடநூலைத் திறந்து தடுமாறும்போது, அதற்கும் பழைய பிளவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நாம் எண்ணுவதில்லை. 'சோம்பேறி', 'மந்தம்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

அண்ணத்தை அசைக்கும் தசைகளே நடுச்செவிக்குக் காற்றுச் செல்லும் குழாயையும் திறக்கின்றன. அண்ணப் பிளவினால் அவை சரிவர இயங்காதபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. பெரும்பாலும் வலி இராது; கேள்விப்புலன் மட்டும் சில காலம் மங்கும், சில காலம் தெளியும். பேசும்போது காற்று மூக்கின் வழியே கசிவதால் 'ப' என்பது 'ம' போல் ஒலிக்கவும் கூடும். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியோடு இணைப்பது. ஒலியே தெளிவாகப் பதியாத பிள்ளைக்குப் 'படம்', 'மடம்' என்ற வேறுபாடு எளிதில் விளங்குமா? எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறு தடுமாறுவதில்லை. தடுமாறுவோரிலும் பெரும்பாலோர்க்கு அறிவில் குறைவில்லை.

மக்தபிலும் இதே நிலைதான். நாக்கின் அடிப்பகுதி மென் அண்ணத்தைத் தொடும் இடத்தில் பிறக்கும் எழுத்துகளை, தைத்த அண்ணத்தோடு ஓத முயலும் பிள்ளையைப் பலர் முன் நிறுத்தித் திருத்துவது கல்வியாகாது. சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்ற நபிமொழியைப் பயான்களில் கேட்கிறோம். அந்த நற்செய்திக்கு இப்பிள்ளைகளும் உரியவர்கள் அல்லரோ?

பெண் பிள்ளையாயின் திருமணத்துக்கு இடையூறாகுமோ என்று அஞ்சி, பிளவு இருந்ததையே ஆசிரியரிடம் மறைப்போர் உண்டு. அந்த மறைப்பு கல்வியையே பறித்துவிடும். ஆசிரியரிடமும் உஸ்தாதிடமும் உண்மையைச் சொல்லி, பிள்ளையை முன் வரிசையில் அமர்த்தக் கேளுங்கள். செவித்திறனைச் சீரான இடைவெளியில் சோதியுங்கள். பேச்சுப் பயிற்சியை இடையில் நிறுத்தாதீர்கள். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிளவு, செவித்திறன் குறைவு, கற்றல் குறைபாடு ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன; 18 வயது வரை மாவட்ட அரசு மருத்துவமனையை அணுகலாம். வீட்டில் நாள்தோறும் சிறிது நேரம், பிள்ளை உங்கள் வாயசைவைப் பார்க்கும்படி அமர்ந்து உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

உதட்டைத் தைப்பது மருத்துவரின் பணி. அதன்பின் அப்பிள்ளையை வாசிக்க வைப்பது நம் கையில் உள்ள அமானிதம். அதை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நமக்குப் பொறுமையைத் தருவானாக.