நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடிக்காதீங்க

மாட வீதி முனையில் மகா தேர் திரும்புறதை வருஷா வருஷம் பாக்குறோம். நேரா ஓடும்போது வடம் இழுக்கிறவங்க சத்தம்தான் கேட்கும். திரும்பும்போது மட்டும் எல்லார் கண்ணும் முட்டுக்கட்டை போடுறவர் மேல இருக்கும். காரும் அப்படித்தான். இஞ்சின் நின்னா ஓரமா நிறுத்தலாம். ஸ்டியரிங் கைவிட்டா?

போன மாசம் செங்கம் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒண்ணு நின்னுச்சு. 1961-ல் நம்ம மெட்ராஸ்ல தயாரிக்க ஆரம்பிச்ச வண்டி. பாக்க சாதுவான குடும்ப கார். ஆனா இதோட சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் ஹெரால்டோட சொத்து.

"நாலு பக்கமும் கிரீஸ் அடிச்சாச்சு தம்பி, இனிமே கவலை இல்ல"ன்னார் மெக்கானிக் அண்ணன். கவலையே அங்கதான்.

இந்த வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீல் தண்டோட அடிப்பகுதி, போல்ட் மாதிரி மரை வெட்டப்பட்டு, டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் முறுக்கப்பட்டிருக்கும். நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் சக்கரம் திரும்புது. வண்டியோட முன்பாரமும் அதே மரை வழியாத்தான் போகுது. அதுக்குக் கம்பெனி கையேடு சொல்றது கிரீஸ் இல்ல, 90 நம்பர் கியர் ஆயில். ஆயில் மரை முழுக்க ஏறும். கிரீஸ் நுழையிற இடத்திலேயே அடைச்சுக்கிட்டு, நாளடைவில் இறுகிடும். மேல தண்ணி புகும், ஸ்டீல் துருப்பிடிக்கும், விரிசல் விடும், ஒருநாள் தண்டு ஒடிஞ்சு சக்கரம் மடங்கிடும். வெளியில பாத்தா எதுவுமே தெரியாது.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். டிராக்டர் கிங்பின்னுக்கு கிரீஸ்தான் போடணும், அவர் கை அதுல பழகினது. கம்பெனி அந்த இடத்தில் வெறும் பிளக்தான் வெச்சிருந்தது; பின்னாடி யாரோ வசதிக்கு நிப்பிளை மாட்டி விட்டுட்டாங்க. நிப்பிளைப் பாத்தா யாருக்கும் கிரீஸ் கன்தானே ஞாபகம் வரும்!

என் கோபம் நம்ம மேலதான். லூப்ரிகேஷன் பத்தி 16 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதுறோம். பட்டறைக்குப் போனா "கிரீஸ் அடிச்சா போதும்ணே"ன்னு தலையாட்டுறோம். இங்க என்ன அசையுது, பாரம் எந்தப் பக்கம், உள்ள போறது எங்க வரைக்கும் சேரும்? இந்த மூணும் நம்ம வாயில வர்றதில்ல. அதே வண்டியோட ஸ்டியரிங் ரேக்குக்கு கிரீஸ்தான் வேணும், அதுவும் அளவா. அதிகமா அமுக்கினா ரப்பர் பூட் பிதுங்கிக் கிழியும். ஒரே ஸ்டியரிங்ல ரெண்டு சட்டம்.

"ஆயில் ஒழுகிடுமே"ன்னு சிலர் கேட்பாங்க. ஒழுகும்தான். அதனாலதான் அடிக்கடி நிரப்பச் சொல்றாங்க. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேல கசியிற வரைக்கும் ஆயிலை ஏத்தணும். கால் மணி நேர வேலை.

கையேட்டுப் பக்கத்தை போன்ல காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப மேல ஆயில் ஊத்துனா ஆகாது, பிரிச்சுக் கழுவி மரையைப் பாக்கணும்"னார். எனக்குத் தோணாத விஷயம் அது. சனிக்கிழமை பிரிக்கிறோம். மெக் பசங்க யாராவது வர்றீங்களா?