கோட்டைக்கு மேற்கே ஒரு கிணறு

கிரேக்க நாட்டின் வடக்கே கடலோரத்தில் ஸ்டாகிரா என்ற பழைய ஊர் இடிந்து கிடக்கிறது. அரிஸ்டாட்டில் கி.மு. 384இல் பிறந்த ஊர். அவர் வாழ்ந்த காலத்திலேயே மாசிடோனிய மன்னன் பிலிப் அதை அழித்துவிட்டான். மீண்டும் எழுந்து மறுபடி பாழான அந்த ஊரில் இன்று மதில் துண்டுகளும் அடித்தளக் கற்களும்தான் மிச்சம். ஒரு சிந்தனையாளன் பிறந்த மண் என்பதற்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் வட்டக்கோட்டைக்கும் கூட்டம் வருகிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய், தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்கே படைத்தலைவராகிக் கருங்கல்லில் வலுப்படுத்திய கோட்டை. வருகிறவர்கள் மதில்மேல் நின்று கடலைப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மேற்கே சில கிலோமீட்டரில் சாமிதோப்பு இருக்கிறது.

அங்கே 1809இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். எளிய குடியில் பிறந்தவனுக்கு இப்படியொரு பெயரா என்று எதிர்ப்பு எழவே, முத்துக்குட்டி என்று மாற்றியதாக மரபு சொல்கிறது. வட்டக்கோட்டையை வலுப்படுத்திய அதே திருவிதாங்கூர் அரசு அவரைப் போன்ற எளிய குடியினரிடம் தலைவரி வாங்கியது. கூலியில்லாமல் ஊழியம் வாங்கியது. அவர்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. முத்துக்குட்டி அய்யா வைகுண்டராகி, தலைப்பாகையோடு வந்து வணங்குங்கள் என்றார். சாமிதோப்பின் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்தார்கள். அவரை வழிபடும் இடமான பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. வணங்கப் போகிறவர் அதில் தன்னையே பார்க்கிறார். சாதியின் பெயரால் குனிந்தே பழகியவருக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்க முடியும்? மன்னர் சுவாதித் திருநாளின் அரசு வைகுண்டரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது, 1839இல் விடுதலையானார்.

சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று தம் ‘அரசியல்’ நூலில் வாதிட்டவர் அரிஸ்டாட்டில். அவருடைய தர்க்கத்தையும் அறிவியலையும் நாம் மதித்தே படிக்கிறோம். ஆனால் மனிதர் யாரும் யாருக்கும் கீழானவர் இல்லை என்று நின்றவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவரை வழிபாட்டுக்கு மட்டும் உரியவராக ஒதுக்கிவைப்பது நமக்குத்தான் இழப்பு. அவர் வழியினரின் மறைநூலான, 1939இல் அச்சேறிய அகிலத்திரட்டு அம்மானை, பக்தர்கள் வீட்டில் ஒலிப்பதோடு கல்லூரி வகுப்பறைகளிலும் விவாதிக்கப்பட வேண்டிய நூல்.

மாணவர்களை வட்டக்கோட்டைக்கு அழைத்துவரும் ஆசிரியர்களே, திரும்பும்போது வண்டியைச் சாமிதோப்புக்கு விடுங்கள். அந்தக் கிணற்றைக் காட்டி, அதில் சேர்ந்து நீர் எடுக்க ஏன் அவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.