ஆளில்லா வண்டிக்கு யார் விலை கொடுப்பது?

வீட்டு வாசலுக்கே ட்ரோன் பறந்து வந்து பொருளை இறக்கிச் செல்லும் காலம் வந்துவிட்டது என்று பெருமிதத்தோடு பேசுவோரை இன்று எங்கும் காண்கிறோம். சற்றே ஐயுறுபவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவதும் அவர்களுக்கு எளிதாயிருக்கிறது. நாம் அறிவியலுக்குப் பகைவர் அல்லோம். ஆயினும் ஒரு வாக்குறுதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டன்றோ?

2013 டிசம்பரில் அமேசான் நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, ஐந்து பவுண்டு எடைக்குட்பட்ட பொதிகளை அரைமணி நேரத்தில் ட்ரோன் கொண்டுவந்து சேர்க்கும் என்றார். நான்கைந்து ஆண்டுகளில் அது கைகூடலாம் என்பது அவர் கணிப்பு. தம் நிறுவனம் அனுப்பும் பொருள்களில் 86 விழுக்காடு அந்த எடைக்குள் அடங்கும் என்றும் கணக்குச் சொன்னார். அது பொருளின் எடையைப் பற்றிய கணக்கு. பொருள் போய்ச் சேர வேண்டிய வீட்டைப் பற்றிய கணக்கன்று. கலிஃபோர்னியாவின் லாக்ஃபோர்ட், டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷன் ஆகிய இரண்டு ஊர்களில் அத்திட்டம் தொடங்கியபோது 2022-ஆம் ஆண்டே முடியும் தறுவாயில் இருந்தது. லாக்ஃபோர்டில் 2024-இலேயே அதை மூடிவிட்டார்கள்.

அந்த ஊர்களை ஏன் தேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே தனித்தனி வீடுகள். வீட்டைச் சுற்றித் திறந்த முற்றம். பொதி ஏறத்தாழ 12 அடி உயரத்திலிருந்து அம்முற்றத்தில் விழும். (முட்டை வாங்குவோர் வேறு வழி பார்த்துக்கொள்வது நலம்.) அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் வாழ்பவருக்கு முற்றம் ஏது? முதுமையால் படியிறங்க இயலாதவரன்றோ வீடுதேடி வரும் பொருளுக்கு முதல் உரிமையாளர்? அவருக்கு இந்த வானூர்தியால் ஒரு பயனும் இல்லை.

பயன் இல்லை என்பதோடு நின்றிருந்தால் நாமும் எழுதியிரோம். பொருளை வரவழைப்பவர் ஒருவர். இரைச்சலைச் சுமப்பவர் தெருமுழுதும் உள்ளவர். காலேஜ் ஸ்டேஷனில் நாளொன்றுக்கு 200 ஆக இருந்த பறத்தல் அளவை 469 ஆக உயர்த்த நிறுவனம் முனைந்தபோது, ஊரார் எதிர்த்தனர். 2024 ஜூலையில் அந்நகர மேயரே மத்திய வானூர்தி ஆணையத்துக்கு எதிர்ப்பைத் தெரிவித்து எழுதினார். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் பானிதன் பகுதியில் கூகுளின் உடன்பிறப்பான விங் நிறுவனம் 2018-இல் சோதனை தொடங்கியபோதும் இதே முறையீடுதான் எழுந்தது. அங்கே சட்டமன்றக் குழுவே விசாரணை நடத்த நேர்ந்தது. ஒலி குறைந்த ஊர்தியை நிறுவனம் புதிதாக வடிவமைக்கவும் நேர்ந்தது. 2023-இல் கான்பெராச் சேவை நின்றது. தேநீர் கேட்டவர் ஒருவர். அதற்காகத் தலைக்குமேல் ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் அண்டை வீட்டார். அவருடைய ஒப்புதலை யாரும் கேட்கவில்லை.

வானத்தை விட்டுத் தரைக்கு வருவோம். ஸ்டார்ஷிப் நிறுவனத்தின் ஆறு சக்கர வண்டிகள் 2018 முதல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் மளிகை சுமந்து செல்கின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் அவை பலருக்கு உதவியதை மறுக்க மாட்டோம். ஆனால் மில்டன் கீன்ஸ் 1967-இல் திட்டமிட்டுத் தொடங்கப்பட்ட புதுநகரம். நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் அகன்ற தனிப்பாதைகள் அங்கே ஊரெங்கும் உண்டு. அந்த ஊரில் ஓடியது எந்த ஊரிலும் ஓடும் என்பது எத்தகைய வாதம்?

2019 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். சக்கர நாற்காலியில் செல்லும் ஓர் ஆராய்ச்சி மாணவி சாலையைக் கடந்து எதிர்ப்புற நடைபாதையில் ஏற முற்பட்டார். ஏறுவதற்கான சரிவில் அத்தகைய வண்டியொன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சைகை விளக்கு மாறும் வேளையில் தாம் சாலையிலேயே சிக்கிக்கொண்டதாக அவர் எழுதினார். பல்கலைக்கழகம் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்குப்பின் என்ன நிகழ்ந்தது? அதே பென்சில்வேனியா மாநிலம் 2020-இல் ஒரு சட்டம் இயற்றி, 550 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 250 கிலோ வரை எடையுள்ள வண்டிகள் நடைபாதையில் மணிக்கு 12 மைல் வேகத்தில் செல்ல இசைவளித்தது. அவற்றுக்குப் பாதசாரியின் உரிமைகளும் உண்டாம்! பாதமே இல்லாத பாதசாரிக்கு உரிமை கொடுத்த விரைவில், சரிவுப்பாதையை இழந்து தவித்தவரை எவரேனும் எண்ணிப் பார்த்தனரா?

'ஆளில்லா வண்டி' என்ற பெயரும் முழு உண்மையன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்களுக்கு உணவு கொண்டுசென்ற கிவி வண்டிகளுக்குக் கொலம்பியா நாட்டில் அமர்ந்திருந்த பணியாளர்கள் திரையைப் பார்த்துச் சில நொடிகளுக்கு ஒருமுறை வழிகாட்டி வந்தனர். அவர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான ஊதியம் என்று 2019-இல் 'சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள்' நாளேடு எழுதியது. அப்படியானால் ஆள் இல்லாமற் போகவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்கு அனுப்பப்பட்டார். கதவைத் தட்டி, நம் முகம் பார்த்து, "தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்கக்கூடிய ஒருவரை அகற்றிவிட்டு, கேட்கவே இயலாத ஒருவரை அவரிடத்தில் அமர்த்துவதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

ட்ரோன் வேண்டாம் என்பதன்று நம் வழக்கு. ருவாண்டாவின் முகாங்கா நகரிலிருந்து 2016 முதல் சிப்லைன் நிறுவனம் மலைநாட்டு மருத்துவமனைகளுக்கு இரத்தம் அனுப்பி வருகிறது. சுழலும் மலைச்சாலையில் நெடுநேரம் பிடிக்கும் வழியை அந்தச் சிறு விமானம் விரைவில் கடந்து, பாராசூட்டில் பொதியை இறக்கித் திரும்புகிறது. பேறுகாலத்தில் குருதி இழக்கும் தாய்க்கு அந்த நேரமே உயிர். தேவைக்கேற்ப உடனுக்குடன் அனுப்ப இயன்றதால் மருத்துவமனைகளில் இரத்தம் காலாவதியாகி வீணாவது 67 விழுக்காடு குறைந்தது என்று 2022-இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழில் ஆய்வொன்று வெளிவந்தது. அங்கே தலைக்குமேல் இரைச்சல் எழுந்தால், கேட்பவர் வீட்டுப் பெண்ணுக்கே நாளை அந்த இரத்தம் வரக்கூடும். சுமையும் பயனும் ஒரே ஊராருக்கு உரியவை.

பற்பசைக்கும் தேநீருக்கும் அந்த நியாயத்தைக் கடன் கேட்பதைத்தான் மறுக்கிறோம். அமேசானின் ஸ்கவுட், ஃபெட்எக்ஸின் ராக்ஸோ ஆகிய இரு தரைவண்டித் திட்டங்களும் 2022 அக்டோபரில் கைவிடப்பட்டன. வேறு பெயர்களில் வேறு வண்டிகள் புறப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. எந்த ஊரிலாயினும் அவற்றுக்கு இசைவு வழங்குமுன், அந்த நடைபாதையில் சக்கர நாற்காலியோடும் வெண்கோலோடும் நாள்தோறும் செல்பவர்களை அழைத்து முதலில் கேளுங்கள் என்கிறோம். பொருளை வரவழைப்பவரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.