கல்லும் கல்லும் இழுக்குமா?

போன வாரம் கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். சூளகிரி தாண்டும்போது எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லர் லாரி. அதன்மேல் சங்கிலியால் கட்டிய இரண்டு பெரிய கிரானைட் கற்கள்.

ஏழாவது படிக்கும் மகள் கேட்டாள்: "பூமி எல்லாத்தையும் இழுக்குதுன்னு மிஸ் சொன்னாங்க. அந்த ரெண்டு கல்லும் ஒண்ணை ஒண்ணு இழுக்குமாப்பா?"

இழுக்கும். 1687-ல் நியூட்டன் சொன்ன கணக்கு இது. இழுப்பைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: இரு பொருள்களின் நிறை, அவற்றுக்கு இடையே உள்ள தூரம். ஒன்றின் நிறை இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால் பங்காகிவிடும். கல்லா, இரும்பா, பஞ்சா என்பது கணக்கிலேயே வராது.

தலைக்கு 10 டன் கற்கள், மையங்களுக்கு நடுவே 2 மீட்டர் என்று வைத்துப் பார்த்தேன். இழுப்பு ஏழெட்டு அரிசி மணியின் எடைதான்! இவ்வளவு சின்ன இழுப்பையும் 1798-ல் கேவண்டிஷ் ஈய உருண்டைகளை வைத்து அளந்துவிட்டார். பூமியின் நிறையோ 6 போட்டு 24 சைபர் போட்டால் வரும் கிலோ. அதனால்தான் அதன் இழுப்பு நமக்குத் தெரிகிறது.

மனைவி திரும்பினாள். "தூரம் கூடினா இழுப்பு குறையும்னா, மெட்ராஸ்ல வாங்கின என் வளையல் ஓசூர்ல எடை குறையுமா?"

அவள் கைப்பையில் நாலு பவுன் வளையல். பள்ளிக் கட்டணத்துக்காக அடகு வைக்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஓசூர் கடல் மட்டத்தைவிடச் சுமார் 900 மீட்டர் உயரம். பூமியின் மையத்தில் இருந்து அவ்வளவு தள்ளி. சென்னையில் 1 டன் காட்டும் எலெக்ட்ரானிக் தராசை அப்படியே இங்கே கொண்டுவந்தால், ஏறத்தாழ கால் கிலோ குறைத்துக் காட்டும். நாலு பவுனுக்கு 8 மில்லிகிராம். தங்கம் கரையவில்லை; இழுப்புதான் குறைந்தது. பழைய இரட்டைத் தட்டுத் தராசில் இந்த வித்தியாசம் வராது. நகை, படிக்கல் இரண்டுக்குமே இழுப்பு ஒரே அளவில் குறைகிறதே!

அதனால்தான் எலெக்ட்ரானிக் தராசை, பயன்படுத்தும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

கடையில் மனைவி தயங்காமல் கேட்டாள்: "அண்ணா, முதல்ல முத்திரை போட்ட படிக்கல்லை வச்சுக் காட்டுங்க." அவரும் சிரித்துக்கொண்டே 20 கிராம் கல்லை வைத்தார். 20.000 என்று காட்டியது. அதன்பிறகுதான் வளையல் தட்டில் ஏறியது.

நீங்களும் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.