தடுப்பு இல்லாத பிரஸ் ஓடக் கூடாது

பைக்கின் பிராக்கெட், கார் கதவின் கீல், மிக்ஸியின் அடித்தகடு என எல்லாமே பவர் பிரஸ்ஸில் அடித்து எடுக்கப்படுபவை. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இந்த இயந்திரத்தின் சத்தம் ஓய்வதில்லை. அதில் விரலைப் பறிகொடுத்தவர்களின் கதை பட்டறையின் கேட்டைத் தாண்டுவது அரிது. தாண்டினாலும் கூடவே ஒரு விளக்கமும் வந்துவிடும்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. இந்த விளக்கத்தை இனி யாரும் ஏற்கக் கூடாது.

பிரஸ் முன் உட்கார்ந்திருப்பவரின் வேலையைப் பாருங்கள். கீழ் டையின் (அச்சின்) மேல் தகட்டை வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேல் டை இறங்கி ஏறியதும் பாகத்தை எடுக்க வேண்டும். உடனே அடுத்த தகடு. ஒரு ஷிப்டில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. கையும் காலும் ஒரு நொடி தாளம் தப்பினால் போதும்.

பழைய 'கீ கிளட்ச்' பிரஸ்ஸில் ஆபத்து இன்னும் அதிகம். ஒருமுறை கிளட்ச் பிடித்துவிட்டால் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றியே தீரும். நடுவில் நிறுத்த வழியில்லை. கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் மேல் டை இரண்டாவது முறை இறங்கும். பாகத்தை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அது. எந்தக் கவனத்தால் இதைத் தடுக்க முடியும்? இவ்வகை பிரஸ்ஸில் ஒளித்திரை சென்சார் பொருத்தியும் பயனில்லை, கையைக் கண்டாலும் அதனால் இயந்திரத்தை நிறுத்த முடியாது. விரல் நுழையாதபடி டையைச் சுற்றி நிலையான தடுப்பு வேண்டும். இல்லையென்றால் அந்த பிரஸ்ஸையே கழித்துக்கட்ட வேண்டும்.

புதிய பிரஸ்களில் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயங்கும் பட்டன்கள் உண்டு. அவற்றில் ஒன்றை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிடுவதும் நடக்கிறது. சூப்பர்வைசர் பார்க்காமலா இது நடக்கும்? பீஸ் கணக்கும் டார்கெட்டும்தான் அந்த டேப்பை ஒட்ட வைக்கின்றன.

தடுப்பு போட்டால் உற்பத்தி குறையும் என்பது முதலாளிகளின் வாதம். மோசமாகச் செய்த தடுப்பு வேலையை இழுக்கும், உண்மைதான். ஆனால் தகட்டைத் தானே ஊட்டும் ஃபீடர், டைக்கு வெளியிலேயே தகட்டை வைத்து உள்ளே தள்ளும் அமைப்பு, அடித்த பாகத்தைக் காற்றால் வெளியே தள்ளும் குழாய் ஆகியவை இருந்தால் கை உள்ளே போகவே வேண்டாம், வேலையும் வேகமாகும்.

குருகிராம், மானேசர் பகுதிகளில் காயமடைந்த வாகன உதிரிபாகத் தொழிலாளர்களுடன் பணியாற்றும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு, 2019 முதல் தன் அறிக்கைகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறது. கை நசுங்கியவர்களில் பெரும்பாலோர் வெளிமாநில, காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது.

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, முழு ஆள்காட்டி விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு, சுண்டுவிரலுக்கு 7 என்று கணக்கிடப்பட்டது. பிரஸ் வேலை மட்டுமே தெரிந்தவருக்கு ஆள்காட்டி விரல் இல்லாத கையோடு அடுத்த வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த எண் சொல்லாது.

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலோ, மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான வரம்பு 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆக உயர்ந்திருக்கிறது. பிரஸ் பட்டறைகளில் பெரும்பாலானவை சிறியவை. எனவே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தலைக்கணக்கைப் பார்க்காமல் பிரஸ் இருக்கும் இடமெல்லாம் ஆய்வுக்குப் போக அரசு வழி செய்ய வேண்டும்.

வாகன நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சப்ளையர் தரும் பாகத்தின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் லாட்டையே திருப்பி அனுப்புகிறார்கள். தரத்தைச் சோதிக்க ஆடிட்டரையும் அனுப்புகிறார்கள். அதே ஆடிட்டர் பிரஸ்ஸில் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லாத பட்டறைக்கு, தடுப்பு பொருத்தும்வரை ஆர்டர் கொடுக்கக் கூடாது.